பெயரோடு வந்த குதிரை

“பேர மாத்திப்புட்டா குதிரை உன்னுதாயிருமா கண்ணு?”

காதர் பாய் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் சிரித்தேன். பல் தெரியாமல், படித்தவர்கள் சிரிப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த விதத்தில். அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் காது மடல் சூடாகிறது.

இன்று காலை அம்மா அடுப்பில் கொள்ளு வேகப் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அச்சகத்திலிருந்து என் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போனில் வந்தது. தை மாதம் கல்யாணம். பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். என் பெயர் சரி, மாப்பிள்ளை பெயர் சரி, மண்டபத்தின் பெயர் சரி. அம்மாவின் பெயர் இருந்த வரியில் கண் நின்றுவிட்டது. அதிலும் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் சரி என்று பதில் அனுப்பக் கை வரவில்லை.

கொள்ளு வேகும் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் அது சளிக்கு ரசம், சோற்றுக்குப் பருப்பு. எங்கள் வீட்டில் மட்டும் அது முதலில் குதிரைக்கு. அப்பா ஊட்டி ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டவர். பெரிய அண்டாவில் கொள்ளு வேகும். மேலே உள்ளதை அம்மா எங்களுக்கு வழித்துக்கொண்டு மீதியைத் தவிட்டோடு பிசைந்து வெளியே கொண்டுபோவாள். ஆறாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைத் திறந்த ஒருத்தி, “ஏய், குதிரைக்கு வெச்சதுல மீந்ததா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதில் எனக்கு வலித்தது என்னவென்றால், அவள் சொன்னது ஏறக்குறைய உண்மை.

அன்றிலிருந்து நான் கொள்ளு எடுத்துப்போகவில்லை. யூனிபார்மில் குதிரை வாசம் அடிக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் நாலு வீடு தள்ளி ஒரு கொடியில் இடம் கேட்டு வாங்கி, பள்ளி முடியும்வரை என் துணியை அங்கேதான் காயப்போட்டாள். ஊட்டி மழைக்கு ஒரு துணி காய்வதற்கு எத்தனை முறை அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டும் என்பது மலையில் இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே வீட்டில் எனக்கு வாத்தியார் வேலை. அம்மா கைநாட்டு வைப்பது பிடிக்காமல், ஒரு லீவில் சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டு அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். சு, ம, தி. மூன்றே எழுத்து. அவள் ‘சு’வின் சுழியை இழுத்துக்கொண்டே போவாள், நான் குச்சியால் சிலேட்டின் விளிம்பில் தட்டுவேன். ஒருவாறு வந்தபோது அம்மா கேட்டாள்:

“இன்னொரு பேரும் எழுதிக் காட்டறியா சாமி?”

“யாரு பேரு?”

“சும்மா. ஒரு பேரு.”

“மொதல்ல உன் பேர ஒழுங்கா எழுதிப் பழகும்மா.”

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் சுமதி என்று எழுதினாள். இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

படித்து முடித்து, நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. நான் போகத் தொடங்கிய வருடமே அப்பாவின் குதிரை ராஜா வயிற்றுவலி கண்டு செத்துப்போனது. அதற்குப் பிறகும் அப்பா தினமும் ஏரிக்கரைக்குப் போனார். மற்றவர்களின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், குழந்தைகளைத் தூக்கி ஏற்றிவிடுவார், சாயங்காலம் வெறுங்கையோடு வருவார். “சும்மா உக்காந்திருந்தா காலு புடிச்சுக்குது” என்பார். என் சம்பளத்தில் ஒரு குதிரை வாங்கித் தருகிறேன் என்று சொன்னபோது எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

குதிரையை நான்தான் கண்டுபிடித்தேன். ஆபீஸ் பஸ் பைக்காரா தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். படகுச் சவாரிக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு செம்பட்டைப் பெண்குதிரை நிற்கும். பனி விலகி வெயில் விழுந்தால் அதன் உடம்பு நெருப்புப் பற்றியது மாதிரி மின்னும். அது காதர் பாயுடையது. அவருக்கு முழங்கால் போய்விட்டது, விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சு சுமுகமாக முடிந்தது. அப்பா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“பேரு என்னங்க பாய்?”

“தங்கமணி.”

அப்பா கையை எடுத்துவிட்டார்.

“அது எங்கம்மா பேருங்க.”

“அட அல்லாவே!” என்றார் காதர் பாய். “நெறத்தப் பாத்து வெச்சேனுங்க. உங்கம்மாவ எனக்குத் தெரியாதுங்களே.”

எங்கள் சனங்களில் பெரியவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பத்தா செத்து வெகுகாலமாகியும் அப்பா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வார். குதிரை என்றால் ஒரு நாளைக்கு நூறு முறை கூப்பிட வேண்டும். கூப்பிடுவதாவது பரவாயில்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றால் திட்டவும் வேண்டும். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி ‘நவுரு கழுதை’ என்று எப்படிச் சொல்வது?

“மாத்தறதுன்னா மாத்திக்குங்க” என்றார் காதர் பாய். “ஆனா பொசுக்குன்னு மாத்தாதீங்க. ரெண்டையும் சேத்துக் கூப்புடுங்க கொஞ்ச நாளு. தங்கமணி ராணி, தங்கமணி ராணின்னு. ரெண்டும் நாந்தான்னு அதுக்குப் படிஞ்சதுக்கப்பறம் மின்னாடி இருக்கறத உட்றலாம்.”

அப்பாவுக்கு இது தெரியாததல்ல. சவாரிக்காரர்களிடம் பழைய வழக்கம் அது. ஏரிக்கரையில் கை மாறிய குதிரைகளெல்லாம் கொஞ்ச காலம் இரட்டைப் பெயரோடு திரியும். ஜூலி செல்வி, பாபு சுல்தான் என்று கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். என் தோழிகளின் வீட்டு நாய்களுக்குக்கூட ஒரே பெயர்தான்.

அதனால் நான் குறுக்கே புகுந்தேன். “அதெல்லாம் எதுக்குங்க பாய்? இன்னையிலிருந்து இது பேரு ஏஞ்சல். டூரிஸ்டுங்களுக்கும் வாயில நுழையும்.”

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

குதிரையை விற்பவர் கயிற்றையும் சேர்த்துத் தருவது வழக்கமில்லை. காதர் பாயும் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாங்கள் கொண்டுபோன புதுக்கயிற்றை அப்பா கட்டினார். காதர் பாய் ஒரு வெல்லக் கட்டியைக் குதிரைக்குக் கொடுத்து, காதோடு காதாக அதன் பெயரைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விந்தி விந்திப் போனார். அப்பா குதிரையை நடத்திக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினார். நான் பஸ்ஸில் வந்தேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள்.

“பேரு என்னங்க?” என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார்.

“ஏஞ்சல்” என்றேன்.

“மின்னாடி என்ன பேரு?”

“தங்கமணியாம்மா. அப்பத்தா பேரு! அதான் மாத்தியாச்சு.”

அம்மா தட்டைக் கொஞ்ச நேரம் சுற்றாமலே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுற்றினாள், பொட்டு வைத்தாள், உள்ளே போனாள். அன்று கொள்ளு அடிப்பிடித்துவிட்டது. அம்மா எதையும் அடிப்பிடிக்க விடுகிறவள் அல்ல. நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, “என்னம்மா பராக்குப் பாத்துட்டிருந்த?” என்று கேட்டேன்.

பை தைப்பவரிடம் சொல்லி, சிவப்பு ரெக்சினில் நெற்றிப் பட்டை ஒன்று தைக்கச் செய்தேன். வெள்ளை எழுத்தில் ஏஞ்சல், ஆங்கிலத்தில். குதிரைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டையில் இருப்பது தன் பெயர் என்று அதற்குத் தெரியவேயில்லை. அப்பா “ஏஞ்சலு, ஏஞ்சலு” என்று கூப்பிடுவார். அது புல்லைத் தின்னும். அப்பாவின் உச்சரிப்புதான் கோளாறு என்று முடிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஏரிக்கரைக்குப் போய் என் காலேஜ் இங்கிலீஷில் கூப்பிட்டுக் காட்டினேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது, அதன் பெயரும் அதுவாம். குதிரை திரும்பவில்லை. மற்ற சவாரிக்காரர்கள், “ஏனுங் டீச்சர், எங்க குதிரைக்கும் கொஞ்சம் டியூசன் எடுங்க” என்றார்கள். அம்மா மட்டும் அதை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. கொள்ளை முன்னால் வைத்துவிட்டு நாக்கைச் சொடுக்குவாள், அவ்வளவுதான்.

ஊட்டியில் சவாரி முடிந்தால் குதிரைகளை அவிழ்த்துவிடுவார்கள், தெரியுமல்லவா? அவை டவுனுக்குள் மேய்ந்துவிட்டு, கூப்பிட்டால் வரும். எங்களுடையதைக் கூப்பிட்டால் வராது, தேடித்தான் பிடிக்க வேண்டும். மே மாதத்தில் ஒரு நாள், சீசன் கூட்டத்தில் தெருவெல்லாம் கார் நின்ற சாயங்காலம், மார்க்கெட் ரோட்டில் ஒரு கேரட் லாரிக்குப் பின்னால் அது மாட்டிக்கொண்டது. மூட்டையைக் கடித்துக் கிழித்துக் கேரட்டைத் தின்றுகொண்டிருந்தது. லோடுமேன்கள் கத்தினார்கள், ஹாரன் அடித்தது, அது மிரண்டு கார்களுக்கு நடுவே சுற்றத் தொடங்கியது. ரோட்டில் திரியும் குதிரைகளைப் பிடித்து அடைக்கும் நகராட்சி ஆட்கள் கயிற்றோடு வந்துவிட்டார்கள். அப்பா ஓடிவந்தார். பஸ் இறங்கி வந்துகொண்டிருந்த நானும் ஓடினேன்.

“ஏஞ்சலு! ஏஞ்சலு!”

“ஏஞ்சல்! கம் ஹியர்!”

எதிர்க் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நகராட்சி ஆள் அப்பாவிடம், “உங்க குதிரையாங்க இது? உங்களுதுன்னா கூப்புட்டா வரோணுமல்ல?” என்று கேட்டார். அப்பாவின் உதடு அசைந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். அத்தனை பேருக்கு நடுவே தன் தாயின் பெயரைக் கூவ அவருக்கு வாய் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் என்னைத் தெரிந்த இரண்டு பேர் கூட்டத்தில் நின்றுவிட்டார்கள். அப்படிச் சொல்வது நான் தோற்றதாக ஆகிவிடும் என்று நின்றேன். கார் ஒன்று குதிரையின் பின்னங்காலை உரசுவது போல் நகர்ந்தது.

“தங்கமணீ!”

அம்மாவின் குரல். அம்மா மார்க்கெட்டில் ஒரு மண்டியில் காய் தரம் பிரிக்கும் வேலை செய்தாள். கையெல்லாம் கேரட் மண்ணோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டி வாசலில் நின்றாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

“தங்கமணி, இங்க வா சாமி. வா.”

குதிரை காதைத் திருப்பியது. பிறகு தலையைத் திருப்பியது. கார்களுக்கு நடுவே ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து அம்மாவின் தோளில் மூக்கை வைத்தது.

நகராட்சி ஆள் கயிற்றைச் சுருட்டினார். “என்னமோ ஏஞ்சலுன்னாங்க? தங்கமணி யாருங்க, இந்தக் குதிரைங்களா?”

“குதிரையுந்தானுங்க” என்றாள் அம்மா. “நானுந்தானுங்க.”

அவர் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீடு வந்து குதிரையைக் கட்டிய பிறகு அப்பா மெதுவாக ஆரம்பித்தார். “இருந்தாலும் எங்கம்மா பேர ரோட்டுல நின்னு…”

“உங்கம்மா பேர நான் எதுக்குங்க கூப்புடறேன்? எம்பேரத்தான் கூப்புட்டேன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, “ஆமா, இவ பேரும் அதுதான்” என்றார். பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

அம்மா பிறந்தபோது வைத்த பெயர் தங்கமணி. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே மாமியார் அதை மாற்றிவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு தங்கமணி இருந்தால் மருமகளைத் திட்டுவது எப்படி? தன் பெயரைச் சொல்லித் தானே திட்ட முடியுமா? பக்கத்து வீட்டில் அப்போது யாரோ குழந்தைக்குச் சுமதி என்று பெயர் வைத்திருந்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறதென்று அதையே வைத்துவிட்டார். கோபிப் பக்கம் இருக்கிற மாமன்கள் அம்மாவை அம்முணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குத் தெரியவழியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. எல்லா இடத்திலும் அம்மாவின் பெயரைக் கேட்கும்முன்பே எழுதிக்கொடுத்தவள் நான்.

“குதிரைக்காச்சும் கொஞ்ச நாளு ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புடுவாங்க” என்று அம்மா சிரித்தாள். “எனக்கு அன்னைக்கு ஒரு நாள்லயே முடிஞ்சுபோச்சு. ஒரு மாசம் வரைக்கும் சுமதின்னு கூப்புட்டா திரும்ப மாட்டேன். செவுடோன்னு பயந்துட்டாங்க உங்க அப்பத்தா.”

அவள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிலேட்டு ஞாபகம் வந்தது. விளிம்பில் தட்டிய குச்சி ஞாபகம் வந்தது. தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னவளிடம், முதலில் உன் பெயரை ஒழுங்காக எழுதிப் பழகு என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல், அவளுக்கு அவளுடையதல்லாத பெயரைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அன்று சாப்பிடும்போது அம்மா கண் முன்னால் தட்டை அளைந்துகொண்டிருக்க வெட்கமாக இருந்தது, எழுந்துபோகவும் வெட்கமாக இருந்தது.

“இப்பக் கத்துக்கறியாம்மா? நாலே எழுத்து… இல்ல, அஞ்சு.”

“பழகி எங்க போயி போடறது கண்ணு? பேங்குல ஒத்துக்குவாங்களா?”

நெற்றிப் பட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பிரித்துவிட்டு, தங்கமணி என்று தமிழில் தைத்துவாங்கினேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். அப்பாவால் மட்டும் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. குதிரையிடம், “ஏனுங்க, கொஞ்சம் நவுருங்க” என்று பேசத் தொடங்கினார். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கோயமுத்தூர்க்காரர்கள் குதிரைக்கும் மரியாதை தருகிறார்கள் என்று வீடியோ எடுத்துப் போனார்கள். அம்மாவோ வேண்டியதற்கும் வேண்டாததற்கும் அதைக் கூப்பிட்டாள். வாசலில் நின்று, கொஞ்சம் இழுத்து, ருசித்துக் கூப்பிடுவாள். அது வந்த பிறகும் இன்னொரு முறை கூப்பிடுவாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், உறைபனி விழும் மாதத்தில் தங்கமணி செத்துப்போனது. அப்பா அதன்பின் ஏரிக்கரைக்குப் போகவில்லை. அவர் நின்ற இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. காலையில் குளம்புச் சத்தம் இல்லை, வாசலில் ஈரச் சாக்கு வாசம் இல்லை. என் துணியெல்லாம் எங்கள் வீட்டுக் கொடியிலேயே காய்கிறது. கொள்ளுப்பருப்பை ஆபீசுக்குக் கொண்டுபோனால், எப்படி வைப்பது என்று பக்குவம் கேட்கிறார்கள். இதெல்லாம் போனதும் மாறியதும்கூடச் சரிதான். ஆனால் குதிரை போனதோடு அந்தப் பெயரும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. அதைச் சொல்லிக் கூப்பிட அம்மாவுக்கு ஆளில்லை. அவளை அப்படிக் கூப்பிடவும் ஆளில்லை. நானும் வழக்கம்போல் அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டு, அவளைச் சுமதியாகவே எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பத்திரிகையில் தங்கமணி என்று போடட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு சாமி? சொந்தக்காரங்க பாத்துட்டு, செத்துப்போன அத்த பேரப் போட்டுட்டாங்கன்னு பேசுவாங்க.”

“பேசட்டும்மா.”

அம்மா கொள்ளைக் கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். இன்னும் வேகவில்லை. மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

“அப்படின்னா சுமதியும் பக்கத்துல இருக்கட்டும்” என்றாள். “பொசுக்குன்னு மாத்தாத. கொஞ்ச நாளைக்கு ரெண்டும் சேந்து இருக்கட்டும்.”

திருத்தத்தை அனுப்பினேன். அச்சகத்துப் பையன் உடனே கேட்டான்: “மேடம், அம்மா பேர் ரெண்டு வருது, ஓகேவா?” ஓகே என்று அனுப்பினேன். எது முன்னால் வரவேண்டும் என்று கேட்டான். தங்கமணி என்று அனுப்பினேன். இதை எழுத உட்காரும்போதே அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.